பெயர் மட்டும் மிஞ்சிய குரல்கள்

பவளாயி என்ற கருமந்தி, செத்துப்போன தன் குட்டியின் குரலை அமாவாசைக்கு அமாவாசை கேட்டு வந்தாள்.

அவள் வாழ்ந்தது உயரமான ஒரு மலைச்சரிவின் சோலைக்காட்டில். அங்கே உச்சிவேளையிலும் பனி விலகாது. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருப்பது உறவா பகையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். அதனால் அந்தக் காட்டு விலங்குகளுக்கு முகத்தைவிடக் குரல்தான் பெரிது. யாராவது செத்துப்போனால், "இனிமேல் பார்க்க முடியாதே" என்று அங்கே யாரும் அழ மாட்டார்கள். "இனிமேல் கேட்க முடியாதே" என்றுதான் அழுவார்கள்.

காட்டின் நடுவே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. விலங்குகளின் சத்தத்தைப் பதிவு செய்ய வந்த மனிதர்கள் கட்டியது. கூரையில் சோலார் தகடு, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், மரத்துக்கு மரம் ஒரு மைக். நன்றாகத்தான் பதிவு செய்தார்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் இறங்கிப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போவதில் மனிதர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆட்கள் போனாலும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பவளாயிக்கோ விரல்கள் உண்டு. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, எதை அமுக்கினால் எது நடக்கும் என்று கற்று வைத்திருந்தாள். காடே கூடி அவளைக் கொட்டகைக்குக் காவலாக வைத்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் செத்தவர்களின் குரல்கள் எல்லாம் இருந்தன. கிழக் காட்டெருமையின் கனைப்பு இருந்தது. மிளா என்ற மான் இனத்துப் பெண்ணின் தாலாட்டு இருந்தது. பவளாயியின் குட்டி தும்பியின் குரலும் இருந்தது. அவன் தாவப் பழகிய நாளில் ஒரு மரத்து மைக்கில் பதிவான குரல் அது. "அம்மா, பிடிச்சுக்கோ!" என்று ஒரு கூச்சல். அப்புறம் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

அடுத்த மழையில் தும்பி கிளை மாறித் தாவும்போது கை வழுக்கி விழுந்து செத்தான். அன்றைக்குப் பிடித்துக்கொள்ளப் பவளாயி பக்கத்தில் இல்லை.

அந்தக் குரல் ஒன்றுதான் அவளுக்கு இருந்த பிள்ளை. அது போனால் அவளுக்கு எதுவும் இல்லை.

குரல்களை எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டவர் அண்டங்காக்கை வெள்ளைச்சாமி. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மலையடிவாரத்து ஊரில் அமாவாசைதோறும் மனிதர்கள் அவரைக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். அந்தச் சோறு அவர் தலைக்கேறிவிட்டது.

"மனுசனே என்னையக் கும்பிட்டுட்டுத்தான் கை நனைக்கிறான்! செத்தவங்க விஷயத்துல என் பேச்சுதான் பேச்சு!" என்பார். "அமாவாசை அந்தியில மட்டும் குரலை எழுப்பணும். கொட்டகையில மட்டும் எழுப்பணும். வேற நாள்ல, வேற எடத்துல எழுப்பினா, செத்தவங்களுக்கு எந்த வூட்டுக்குத் திரும்பிப் போறதுன்னு தெரியாது. அப்புறம் பனிக்குள்ளயே அலைவாங்க!"

அதைக் கேட்டுக் காடே நடுங்கும். பனிக்குள் எது அலைந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

ஒருநாள் இடியோடு மின்னலடித்ததில் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. பவளாயி இருண்ட திரையின் முன்னால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சில நாள் கழித்து வெயில் எட்டிப் பார்த்ததும், பெட்டி தானாகவே முனகிக்கொண்டு எழுந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மத்தியானமே காட்டைக் கூட்டினாள்.

"இன்னொரு தடவ இப்படி ஆனா என்னால தாங்க முடியாது. குரலையெல்லாம் பத்திரமா வெக்க ஒரு வழி சொல்லுங்க!"

மலை அணில் சடையன் வாலைச் சிலுப்பிக்கொண்டு முன்னால் வந்தான். கொட்டகை ஒயர்களைக் கடித்துக் கடித்தே படித்தவன் என்று தன்னைப் பற்றி அவனுக்குப் பெரிய எண்ணம்.

"இதுக்கா இத்தனை கவலை? மூலையில இன்னொரு பெட்டி கெடக்குது. ரெண்டையும் ஒரு ஒயர்ல கோத்துட்டா, இதுல இருக்கறது அப்பப்ப அப்படியே அதுலயும் வந்து உக்காந்துக்கும். நாம ஒரு வேலையும் செய்ய வேண்டாம்!"

வேலையில்லை என்றதும் காடே தலையாட்டியது.

முள்ளம்பன்றி அங்காயி மட்டும் தலையாட்டவில்லை. அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ந்த பொந்தில் தனியாக இருப்பவள்.

"கொட்டகை எரிஞ்சா ரெண்டு பெட்டியும் சேந்துதான எரியும்? அதுவும் போவுது. இதுல ஒண்ணு கெட்டா, கெட்டதும் அப்படியே அதுல போயி உக்காந்துக்காதா?"

"கெட்ட வார்த்தையே பேசாதக்கா!" என்றான் சடையன்.

"நான் பேசாட்டி கெடாமப் போயிருமா? தனியா ஒரு பிரதி எடுத்துக் குடுங்க. ஒயரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பொந்துல வெக்கறேன்."

பவளாயிக்கு அது சரி என்று பட்டது. எதில் எடுத்துக் கொடுப்பது? வெள்ளைச்சாமி 'விர்'ரென்று பறந்து போய், அடிவாரத்து ஊர்க் குப்பைமேட்டிலிருந்து ஒரு பென் டிரைவைக் கொத்திக்கொண்டு வந்தார். அதற்கு இரண்டு பக்கமும் மூக்கு. ஒரு மூக்கு கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று செல்போனுக்கு.

அங்காயி அதை மோந்து பார்த்தாள். "குப்பையில கெடந்ததா? எவன் என்னத்துக்குத் தூக்கிப் போட்டானோ!"

"ஓசியில வந்ததுக்கு ஊர்ப்பட்ட கேள்வி!" என்று வெள்ளைச்சாமி முறைத்தார்.

சடையன் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினான். திரையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சின்னப் படம் இருந்தது. படத்துக்குக் கீழே செத்தவரின் பெயர். சடையன் எல்லாப் படங்களையும் வாரி எடுத்துப் பென் டிரைவில் போட்டான். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

"அம்புட்டுச் சீக்கிரமாவா?" என்றாள் அங்காயி. "ஒரு குரலையாவது தொறந்து பாத்துட்டுக் குடுங்க."

"தொறக்கறதா!" வெள்ளைச்சாமி இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பினார். "இன்னைக்கு அமாவாசையா? செத்தவங்களை வெளையாட்டுக்கு எழுப்புவியா? ஒரே ஆளு ரெண்டு எடத்துல எழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

எல்லோரும் பவளாயியைப் பார்த்தார்கள். காவல்காரி அவள்தானே! அவள் விரல் தும்பியின் பெயர் மேல் இருந்தது. அமுக்கினால் போதும்.

அவள் அமுக்கவில்லை. காக்கையின் சட்டத்துக்குப் பயந்தாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. அந்தக் குரலைக் கேட்பதற்கு ஒவ்வொரு மாதமும் அவள் மனசைக் கட்டி நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சும்மா ஒரு மத்தியான வேளையில் அது காதில் விழுந்தால், எல்லார் முன்னாலும் உடைந்து போவோம் என்று பயந்தாள்.

"பேரெல்லாம் வந்திருக்குது. அது போதும்," என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "என் மாராயி பேரும் அதுல இருக்குதா, தாயி?"

அது நல்லான் என்ற நரி. பெயர்தான் நல்லான். அவன் சொல்லை அந்தக் காட்டில் ஒருவரும் நம்புவதில்லை. பெண்சாதி மாராயி செத்த பிறகு அவன் யாரோடும் சேராமல் அங்காயி இருக்கும் பக்கத்துப் பாறைகளில் ஒண்டிக்கொண்டிருந்தான்.

"இருக்குது போ!" என்று வெள்ளைச்சாமி அவனை விரட்டினார்.

அங்காயி பென் டிரைவை வாயில் கவ்விக்கொண்டு மலையேறிப் போனாள். சடையன் இரண்டு பெட்டிகளையும் ஒயரில் கோத்தான். காடு நிம்மதியாகத் தூங்கப் போனது.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

ஒரு மத்தியானம் பவளாயி அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பனி இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஊளை வந்தது. நீளமாக எழுந்து, கடைசியில் கேள்வி கேட்பதுபோல் மேலே வளைந்து நின்றது.

பவளாயியின் கையிலிருந்த பழம் கீழே விழுந்தது. காட்டில் அப்படி ஊளையிட்டவள் ஒருத்திதான். அவள் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

"மாராயி!" என்று கீழே ஒரு மிளா கத்திக்கொண்டு ஓடியது. "மாராயி அலையறா!"

சில நாள் விட்டு மறுபடியும் கேட்டது. அப்புறம் மறுபடியும். எப்போதும் பகலில்தான், எப்போதும் ஒரே மாதிரி. மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை. உயிருள்ள நரி எதுவும் ஒரே ஊளையை அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப இடாது. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. தாய்கள் குட்டிகளை அந்தப் பக்கம் மேய விடவில்லை. ஓடைக்குக்கூட ஒன்றாகவே போய் வந்தார்கள்.

"நான் சொன்னேன்ல!" என்றார் வெள்ளைச்சாமி. "பிரதி எடுத்தீங்க, அதான் அவளுக்கு வூடு எதுன்னு தெரியல!"

சொல்லிவிட்டு அவரும் அன்று முதல் மலைக்கு அந்தப் பக்கம் பறப்பதை நிறுத்திக்கொண்டார்.

அமாவாசை வந்தது. அந்தியில் எல்லோரும் கொட்டகையைச் சுற்றிக் கூடினார்கள். காட்டெருமை முதலில் வந்து நின்றது.

"எங்கப்பனைக் கேக்கணும்."

பவளாயி பெயரைத் தட்டினாள். ஸ்பீக்கரில் கிழக் காட்டெருமையின் கனைப்பு வந்தது. பாதியில் அது தேய்ந்தது. அதற்குள்ளிருந்து வேறொரு குரல் வெளியே வந்தது. முனகலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. காட்டில் எந்த விலங்குக்கும் அந்தக் குரல் கிடையாது. பேசத் தெரியாத ஒன்று பேசிப் பார்க்க முயல்வது போல் இருந்தது.

காட்டெருமை பின்னால் நகர்ந்தது. "அது... எங்கப்பன் இல்ல."

பவளாயி அவசரமாக மிளாப் பெண்ணின் பெயரைத் தட்டினாள். தாலாட்டு ஒரு வரி வந்தது. பிறகு அதே குரல். கீரியின் பெயர், அதே குரல். மரங்கொத்தியின் பெயர், அதே குரல். யாருடைய பெயரைத் தொட்டாலும் அந்த ஆள் வாசலில் ஒரு நிமிஷம் தலைகாட்டிவிட்டு உள்ளே போக, அந்த வேற்றுக்குரல் வெளியே வந்தது.

 பவளாயி தும்பியின் பெயரைத் தட்டினாள்.

"அம்மா..."

அதற்குமேல் தும்பி இல்லை. "அம்மா"வை அந்தக் குரல் பிடித்துக்கொண்டது. அதையே இழுத்து இழுத்துச் சொல்லிப் பார்த்தது.

பவளாயி அலறிக்கொண்டு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

"பயப்படாதீங்க! பயப்படாதீங்க!" என்று சடையன் குதித்தான். "இன்னொரு பெட்டி இருக்குதுல்ல!"

ஸ்பீக்கரை இன்னொரு பெட்டியில் மாட்டினார்கள். அதிலும் அதே குரல் காத்துக்கொண்டிருந்தது.

சடையனின் வால் தொங்கிவிட்டது. அவன் கண்ணைச் சுருக்கித் திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "வைரஸ். குப்பையில கெடந்த பென் டிரைவுல நோய் இருந்திருக்குது. உள்ள பூந்து ஒவ்வொரு குரலாத் தின்னுருக்குது. இதுல தின்னதெல்லாம் ஒயர் வழியா அதுலயும் அப்படியே..."

பாவம், ஒயரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? இதில் இருப்பதை அதில் வை என்றார்கள், வைத்தது. நல்லதா கெட்டதா என்று பார்த்து வை என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே!

"அங்காயக்கா!" என்றாள் பவளாயி. அவள் குரல் கிழிந்திருந்தது. "பொந்துல இருக்கறது? அது ஒயர்ல இல்லையே?"

"அப்படியேதான் இருக்குது, பவளா. வெச்ச எடத்துல இருக்குது," என்றாள் அங்காயி.

விடிந்ததும் மலையேறினார்கள். பவளாயி, அங்காயி, சடையன், தலைக்குமேல் வெள்ளைச்சாமி. மற்றவர்கள் வர மறுத்துவிட்டார்கள். மேலே போகப்போகப் பனி அடர்ந்தது. முன்னால் போகிற அங்காயியின் முட்கள் உரசும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது.

பொந்து இருந்த பாறைகளுக்கு அருகில் வந்ததும், அந்த ஊளை எழுந்தது.

பக்கத்தில். கூப்பிடு தூரத்துக்குள். கடைசியில் கேள்வியாக வளைந்து நின்றது.

வெள்ளைச்சாமி ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டார். "திரும்புங்க! அவ நம்மளத்தான் கேக்கறா! போகாத, பவளாயி!"

பவளாயிக்கும் பயம்தான். ஆனால் அவளுக்கு இழக்க அந்தப் பொந்தில் இருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் ஊளை வந்த பக்கம் நடந்தாள்.

பாறைகளுக்கு நடுவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதன் முன்னால் நரி நல்லான் முன்னங்கால்களில் தலையை வைத்துப் படுத்திருந்தான். வெளிச்சம் ஒரு செல்போனிலிருந்து வந்தது. மலையேற வந்த யாரோ ஓர் ஆள் தொலைத்துவிட்டுப் போனது. பக்கத்திலேயே சின்ன சோலார் தகடு ஒன்றும் கிடந்தது. நல்லான் மூக்கால் போனைத் தொட்டான். மாராயி மறுபடி ஊளையிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீயா!" என்று கத்தினாள் பவளாயி. "காட்டையே நடுங்க வெச்சது நீயா!"

நல்லான் துள்ளி எழுந்தான். ஓடப் பார்த்தான். பின்னால் அங்காயி முட்களை விரித்துக்கொண்டு நின்றாள்.

"பிடிங்க அவனை!" வெள்ளைச்சாமிக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "அமாவாசை இல்லாத நாள்ல எழுப்பியிருக்கான்! இவனாலதான் எல்லாக் குரலும் கெட்டுது! காட்டை விட்டு விரட்டுங்க!"

"இருங்க, சாமி," என்றாள் பவளாயி. "நல்லாண்ணே, மாராயி குரலு உனக்கு எப்படிக் கெடச்சுது?"

நல்லான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அங்காயக்கா மேயப் போனப்ப பொந்துக்குள்ள பூந்து பென் டிரைவை எடுத்தேன், தாயி. போன்ல சொருகினேன். மாராயி பேரு இருந்துச்சு. தட்டினேன். ஒண்ணும் வரல. வேற பேரைத் தட்டினேன். அதுலயும் ஒண்ணுமில்ல. எல்லாப் பேரையும் தட்டிப் பாத்துட்டேன்."

"பொய்!" என்றான் சடையன்.

"பொந்து இதா பக்கத்துல இருக்குது. எடுத்து நீயே தட்டிப் பாரு."

அங்காயி பென் டிரைவை எடுத்து வந்தாள். பவளாயி அதைப் போனில் செருகினாள். பெயர்கள் வரிசையாக எழுந்து வந்தன. செத்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். 'தும்பி' என்ற பெயரும் இருந்தது. அவள் தட்டினாள். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினாள். காதைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பனி சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

சடையன் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி இருந்தது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இது குரலே இல்ல. வழிகாட்டி. இதைத் தட்டினா, கம்ப்யூட்டரோட வயித்துக்குள்ள போயி, குரலை எடுத்துக்கிட்டு வரும். நான் வழிகாட்டியை மட்டும் வாரிப் போட்டுட்டேன். குரலெல்லாம் அங்கயே கெடந்திருக்குது..."

எல்லோரும் இத்தனை நாள் பத்திரமாகப் பொந்தில் வைத்துக் காத்தது, வீடே இல்லாத பெயர்ப்பலகைகளை!

பவளாயிக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாமல் நல்லானின் பிடரியைப் பிடித்து உலுக்கினாள். "உனக்குத் தெரிஞ்சுதுல்ல? அன்னைக்கே தெரிஞ்சுதுல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ளையைக் காப்பாத்தியிருப்பேனே!"

"சொல்ல வந்தேன், தாயி. கொட்டகை வரைக்கும் வந்தேன். நான் தொறந்து பாத்தேன்னு சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

  விரட்டியிருப்பார்கள். பவளாயியும் சேர்ந்துதான் விரட்டியிருப்பாள்.

"நீ பழம் தின்னப் போயிருந்த நேரம் பாத்து உள்ள வந்தேன்," என்றான் நல்லான். "எனக்கேது விரலு? மூக்கால மவுஸைத் தள்ளித் தள்ளி, வயித்துக்குள்ள தேடி, மாராயி குரலு ஒண்ணை மட்டும் பென் டிரைவுக்கு இழுக்க முடிஞ்சுது. இங்க வந்து அதைப் போனுக்கு மாத்திட்டு, பென் டிரைவை இருந்த எடத்துலயே வெச்சுட்டுத் தொறந்து பாத்தேன். வந்துச்சு. அப்ப அந்த நோய் அதைத் தொடல. போனுக்கும் ஒட்டல. அதுக்கப்புறம் இருக்குதா இருக்குதான்னு அப்பப்பத் தொறந்து பாப்பேன். பயம்தான், வேறென்ன?"

அவள் பிடியை விட்டாள். அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"ஒரு தடவ போடு," என்றாள். "யார் குரலாவது கேக்கணும் எனக்கு. இல்லாட்டி அந்த இன்னொண்ணு என் காதை விட்டுப் போகாது."

வெள்ளைச்சாமி எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்காயி ஒரு முள்ளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூடிக்கொண்டார்.

நல்லான் தொட்டான். முதலில் ஓடைச் சத்தம். மாராயி தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். "உசுரோட இருந்தப்ப ஒருநா காலையில ஓடைக்கரையில நின்னு என்னையக் கூப்பிட்டா," என்று நல்லான் முணுமுணுத்தான். மாராயி மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சுக்கும் ஊளைக்கும் நடுவில், ஓடைக்கு அக்கரையில் எங்கேயோ மரத்துமேல், மெல்லிசாக ஒரு குரல்.

"அம்மா, பிடிச்..."

ஊளை எழுந்து அதை மூடிவிட்டது.

பவளாயி போனை நோக்கிக் குனிந்தாள். நல்லான் அவளைப் பார்த்தான். இத்தனை நாள் இத்தனை தடவை கேட்டும் அந்தச் சத்தத்தை அவன் கவனித்ததே இல்லை. அவனுக்கு மாராயியைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

"இன்னொரு தடவ," என்றாள் பவளாயி.

"அம்மா, பிடிச்..."

"இன்னொரு தடவ, அண்ணே."

அவன் போட்டுக்கொண்டே இருந்தான். சிரிப்பு இல்லை. பாதி வார்த்தையோடு சரி. ஆனால் அது தும்பிதான். கலப்படமில்லாத தும்பி! பவளாயி வாய்விட்டு அழுதாள். சடையனும் அழுதான். அவனுக்கு அழ நியாயம் இருந்தது.

வெகுநேரம் கழித்து வெள்ளைச்சாமி கிளையை விட்டுத் தரைக்கு இறங்கினார். அவர் அப்படி நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை.

"நல்லா... அதுல பின்னால எங்கயாச்சும்... எங்கப்பா கரையற சத்தம் கேக்குதா?"

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்கள். ஓடை கேட்டது. சில்வண்டு கேட்டது. காக்கைச் சத்தம் எங்கேயும் இல்லை.

"சரி," என்றார் வெள்ளைச்சாமி. அதற்குமேல் அவர் சட்டம் எதுவும் பேசவில்லை.

பவளாயி அன்றே கொட்டகையை அலசினாள். அலமாரியில் உறை பிரிக்காத மெமரி கார்டுகள் கிடந்தன. மனிதர்கள் வாங்கி வைத்துவிட்டு மறந்து போனவை. குப்பைமேட்டுப் பென் டிரைவை உடைத்துப் புதைத்துவிட்டு, அந்தக் குரலைப் போனிலிருந்து புதுக் கார்டுகளில் பிரதி எடுத்தாள். ஒன்று அங்காயியின் பொந்துக்குப் போனது. ஒன்று ஓடைக்கு அப்பால் நீர்நாய்களிடம் போனது. ஒன்று அவளிடமே இருந்தது. போனைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு கார்டையும் வைத்த இடத்திலேயே செருகித் திறந்து, முழுதாகக் கேட்ட பிறகுதான் நகர்ந்தாள். அதன்பின் நினைத்தபோதெல்லாம், எந்த நாள் என்று பார்க்காமல், நல்லானோடு சேர்ந்து அவற்றைத் திறந்து கேட்டு வந்தாள்.

அந்தக் காட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் மிரண்டு ஓடுகிறார்கள். பட்டப்பகலில், பனிக்குள், ஒருநாள் மலைமேலிருந்து, ஒருநாள் ஓடைக்கு அப்பாலிருந்து, ஒரு செத்த குட்டி அம்மாவைக் கூப்பிடுகிறது. பாதி வார்த்தையில் நின்றுபோகிறது. காட்டுக்காரர்கள் பயப்படுவதில்லை. பவளாயி மட்டும், எத்தனை தடவை கேட்டாலும், ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிவிடுகிறாள்.

ஆகவே, இழக்க முடியாத எதற்கும் ஒன்றோடொன்று ஒட்டாத பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். தொலைந்த பிறகு தேடாமல், இருக்கும்போதே அவற்றைத் திறந்து பார்த்துவிடவும் வேண்டும்.